பிரசவத்துக்கு வந்தவள்

சென்னை விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி என் கடப்பிதழைப் புரட்டிக்கொண்டே, "என்ன விஷயமா வந்திருக்கீங்க?" என்று கேட்டார்.

"பிரசவத்துக்கு" என்றேன்.

அவர் கண் என் முகத்திலிருந்து வயிற்றுக்கு இறங்கியது. பிறகு கடப்பிதழில் என் பிறந்த வருஷத்துக்குப் போனது. மறுபடி வயிற்றுக்கே வந்தது. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. வயிறும் கொஞ்சம் உண்டு. அந்த மனிதரைக் குறை சொல்வதற்கில்லை.

"எனக்கில்ல சார். தெரிஞ்சவங்க பொண்ணுக்கு. கூட இருக்கலாம்னு வந்தேன்."

"ஓ, இங்க சொந்தக்காரங்களா?"

"சொந்தம் இல்ல. சீனப் பொண்ணு."

அதற்குமேல் கேட்டால் தனக்குத்தான் தலைவலி என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். முத்திரையைக் குத்திக் கையில் கொடுத்துவிட்டார்.

அடுத்து சுங்கம். என் பெட்டியில் இருந்த மூன்று புட்டி கறுப்பு வினிகரையும், சிவப்புப் பேரீச்சை மூட்டையையும் பார்த்து ஒன்றும் சொல்லாதவர், இரண்டு கிலோ இஞ்சியைப் பார்த்ததும் நிமிர்ந்தார். "இஞ்சியையாம்மா இந்தியாவுக்குக் கொண்டு வர்றீங்க?" மண்ணோடு வந்த பொருள் உள்ளே வரக் கூடாதாம். எடுத்துக்கொண்டார். மலேசியாவில், எங்கள் ஈப்போவில் ஒரு தாய் எடை பார்த்து, முற்றல் பார்த்துப் பொறுக்கிய இஞ்சி அது. அவளிடம் இதைச் சொல்லவே கூடாது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

அந்தத் தாய்க்கு எங்கள் தெருவில் தவ்கே என்கிற முளைப்பயறு வைத்த கோழிச் சோற்றுக் கடை இருக்கிறது. அவளுடைய இளைய மகள் மெய் லிங். கணவன் கெவினுக்கு ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்ததால் இருவரும் அடையாறுக்குக் குடிவந்து ஒரு வருஷம் ஆகிறது. தலைப்பிரசவத்துக்குத் தாய் வருவதாகத்தான் ஏற்பாடு. மூன்று வாரம் இருக்கும்போது கடை அடுக்களையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். கட்டுப் போட்ட காலோடு என் வீட்டு வாசலுக்கு வந்து, "கோகிலா, மூத்தவளுக்கு நீதானே இருந்தாய். இவளுக்கும் நீயே போ" என்றாள்.

நான் டூலா. மருத்துவச்சி இல்லை, தாதியும் இல்லை. ஊசி போட மாட்டேன், பிள்ளையைப் பிடிக்க மாட்டேன். பிள்ளை பெறுகிறவளின் முதுகைத் தேய்ப்பேன், வாயை நனைப்பேன், டாக்டர் சொல்வதை அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்வேன். என் மகன் ஜொகூரில் பிறந்தபோது என் கணவருக்கு சிங்கப்பூரில் வேலை. அம்மா ஈப்போவில். பதினான்கு மணி நேரம் ஒரு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு தனியாகக் கிடந்தேன். அந்த மின்விசிறிக்கு மூன்று இறக்கை, ஒன்றில் துரு. இந்த வேலைக்கு நான் வந்ததற்கு அதுவே போதுமான காரணம்.

விமான நிலையத்து ஆட்டோக்காரரிடம், "போற வழியில பசியாறணும், நல்ல கடையாப் பார்த்து நிப்பாட்டுங்க" என்றேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"இன்னாமா சொன்ன? பசியார்றதா?"

எங்கள் ஊரில் காலைச் சாப்பாட்டுக்கு அதுதான் பெயர். விளக்கினேன்.

"ஓ, டிபன் துன்றது! இன்னாமா, கறுப்பு வெள்ளை படத்துல பேசுற மாரி பேசுற. சிலோனா?"

"மலேசியா."

"அதான பாத்தேன்" என்றார். எதைப் பார்த்தார் என்று தெரியவில்லை. அன்று தொடங்கி ஊர் திரும்பும்வரை நான் சென்னையில் சிலோன்காரிதான்.

ஈப்போக்காரர்களுக்குக் காப்பியில் ஒரு திமிர் உண்டு. உலகத்தில் காப்பி என்றால் எங்கள் வெள்ளைக் காப்பிதான். வழியில் ஒரு கடையில் டபராவில் ஆற்றிக் கொடுத்ததை ஒரு வாய் குடித்துவிட்டு அந்தத் திமிரை அந்த மேசையிலேயே விட்டுவிட்டேன். ஆனால் அளவு! மூன்று வாயில் முடிந்துவிட்டது. எங்கள் ஊரில் அந்த அளவை ருசி பார்க்கத்தான் கொடுப்பார்கள்.

மெய் லிங் குடியிருக்கும் மாடி வீட்டின் சொந்தக்காரர் பத்மா மாமி கீழே இருக்கிறார். கணிதம் சொல்லித் தருகிறார், கணினி வழியாக, ஆஸ்திரேலியாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு. அவருடைய பின்னங்களும் தசமங்களும் காலையிலிருந்து மாடிப்படி வழியாக ஏறி வரும். என்னைப் பார்த்ததும், "வாங்கோ வாங்கோ. நான் மயிலாப்பூர். கல்யாணமாகி இங்க வந்து முப்பது வருஷமாறது, இன்னும் அடையார் பழகலை" என்றார். நடுவில் ஓர் ஆறும் ஒரு பாலமும். அவ்வளவுதான் தூரம். நான் கடல் தாண்டி வந்தவள் என்பது அவருக்குப் பெரிதாகப் படவில்லை.

மெய் லிங்கை மாமி "மெய்" என்றுதான் கூப்பிடுகிறார். "உயிர், மெய்ங்கறோமே, அந்த மெய். நம்ம பேர்தான் இது" என்று முதல் நாளே எனக்குச் சொல்லிவிட்டார். ஓய்வு நேரத்தில் மெய்க்குத் தமிழும் சொல்லித் தருகிறார். கண், மூக்கு, வாய், காது வரை ஆகியிருந்தது.

அன்று மாலை மெய் லிங் தாயோடு தொலைபேசியில் பேசியது என் காதில் விழுந்தது. கேண்டனீஸில், தாழ்ந்த குரலில். "பயமில்லை. சாப்பிடுகிறேன். கோகிலா வந்துவிட்டாள். இல்லை, பயமே இல்லை." மூன்று முறை பயமில்லை என்று சொன்னவள், பேசி முடித்ததும் குளியலறைக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் வெளியே வரவில்லை.

இரண்டாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மயிலாப்பூரில், கோயில் குளத்திலிருந்து நடக்கிற தூரம். டாக்டரம்மா சுறுசுறுப்பானவர், உட்கார்ந்துகொண்டே ஓடுகிற ரகம். டூலா என்றதும் தலையாட்டினார். "தெரியும், தாராளமா இருங்க. ஆனா லேபர் ரூமுக்குள்ள ஒருத்தர்தான். ஹஸ்பண்டா நீங்களான்னு முடிவு பண்ணிக்குங்க."

மெய் லிங் கெவினைப் பார்த்தாள். கெவின் சுவரில் மாட்டியிருந்த கர்ப்பப்பைப் படத்தைப் பார்த்தார். பிறகு ரொம்பப் பெருந்தன்மையாக, "கோகிலா அக்காவே இருக்கட்டும். நான் வெளியிலிருந்து முழு ஆதரவு தருகிறேன்" என்றார். அவர் நெற்றியில் வேர்த்திருந்தது. அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

கீழே பதிவு செய்யும் இடத்தில்தான் சிக்கல். கணினியில் 'உறவு' என்று ஒரு கட்டம். அம்மா, மாமியார், அக்கா, தங்கை, கணவர். அங்கிருந்த பெண், "இதுல ஒண்ணு சொல்லுங்க மேடம், இல்லாட்டி சிஸ்டம் அடுத்த பக்கம் போகாது" என்றாள்.

"டூலான்னு போட முடியாதா?"

பக்கத்தில் சக்கர நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்த ஆயா நிமிர்ந்தார். நீலச் சேலை, தலையில் துப்பட்டா, என் வயதுதான் இருக்கும். "இன்னாது? தூளா?"

"டூலா."

"அத்தான் கேட்டேன். இன்னா வேலை அது?"

சொன்னேன். முதுகு தேய்ப்பது, வாய் நனைப்பது, தைரியம் சொல்வது எல்லாம். முழுக்கக் கேட்டுவிட்டு, "அதுக்காக்கா ஏரோப்ளேன் ஏறி வந்தே?" என்றார். அவர் பெயர் ஜரீனா. ராயப்பேட்டையில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் குடும்பம். வீட்டில் உருது, வெளியில் மெட்ராஸ் தமிழ். பிரசவ வார்டில் இருபத்தொரு வருஷமாக இருக்கிறாராம். "அம்மான்னு போட்டுக்கோ பாப்பா, வேலை முடியும்" என்று பதிவுப் பெண்ணிடம் அவர்தான் சொன்னார். அப்படித்தான் கறுப்பான நான் ஒரு சீனப் பெண்ணுக்குத் தாயானேன்.

கிளம்புவதற்குள் பிரசவ அறைப் பக்கமிருந்து ஒரு பெண்ணின் அலறல் கேட்டது. "அம்மா, என்னால முடியல! ஐயோ!" மெய் லிங் என் கையைப் பிடித்தாள். ஜரீனா துடைத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் அலறல் நடுவில் ஒரு சிரிப்புச் சத்தம். வலியில் இருக்கிற பெண்ணை என்ன சொல்லிச் சிரிக்க வைத்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வெளியே வந்ததும் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் தி. நகர். பிள்ளை பெற்ற வயிற்றைச் சுற்றிக் கட்ட எங்கள் ஊரில் நீளத் துணி உண்டு. மலாய்க்காரர்களிடம் கற்றுக்கொண்டது. அதற்கு நல்ல பருத்தி வேண்டும். கூட்டத்தில் நான் நடக்கவில்லை, கூட்டம்தான் என்னைக் கொண்டுபோய் ஒரு துணிக்கடைக்குள் விட்டது. விற்பனையாளர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பேச்சிலேயே தெரிந்தது.

"சேலையா, தாவணியா, என்னத்துக்குக்கா?"

"வயித்துக்கு."

அவர் அசரவில்லை. "பிள்ள பெத்த வயித்துக்கா? அப்படிச் சொல்லுங்க. எங்க அம்மை பழஞ்சேலையக் கிழிச்சுக் கட்டிக்கிடுவா. புதுசு வழுக்கும்லா? ரெண்டு தண்ணி போட்டுட்டுக் கட்டுங்க." ஒரு முழுத் துணியை என் இடுப்பைச் சுற்றியே கட்டிக் காட்டி, முடிச்சு எங்கே வரவேண்டும் என்று பாடம் நடத்தினார். சுற்றிலும் கல்யாணப் பட்டு வாங்க வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். மலாய்க்காரர்களிடமிருந்து நான் கற்ற வித்தை தி. நகரில் தரைத்தளத்திலேயே கிடைக்கும் என்று யார் கண்டது?

ஐந்தாம் நாள் காலை மெய் லிங்குக்கு இஞ்சி போட்டு ஆவியில் வேகவைத்த மீன் வேண்டும் என்று ஆசை வந்தது. டாக்டர் குறித்த நாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. கெவின் வேலைக்குப் போயிருந்தார். நான் பையை எடுத்துக்கொண்டு நொச்சிக்குப்பத்துக்குப் புறப்பட்டேன்.

சாலையோரம் வரிசையாக மீன். எதிரில் படகுகள், வலைகள், அதற்கப்பால் கடல். மீன்காரம்மா கொடுவாவைத் தூக்கிச் செவுளைத் திறந்து காட்டினார். "யாருக்குமா? புள்ளத்தாச்சிக்கா? இப்ப இத்த எடுத்துகினு போ. புள்ள பொறந்ததும் வா, பால்சுறா தரேன். புட்டு செஞ்சு குட்த்தா பால் குபுகுபுன்னு ஊறும்." எங்கள் சீனர்கள் இதே காரியத்துக்குப் பப்பாளிக்காயும் மீனும் போட்டு சூப் வைப்பார்கள் என்றேன். "வைக்கட்டும், வைக்கட்டும்" என்றார், பாவம் அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்பது போல.

மீனைப் பையில் போடும்போது பத்மா மாமி கூப்பிட்டார்.

"கோகிலா, எங்க இருக்கேள்? மெய்க்குத் தண்ணி ஒடஞ்சுடுத்து. நான் கார்ல அழைச்சுண்டு போயிண்டிருக்கேன். நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்கோ."

"மாமி, உங்க வகுப்பு?"

"பின்னம் பாதியில நிக்கறது. அதுகளே முடிச்சுக்கட்டும்."

நொச்சிக்குப்பத்திலிருந்து அந்த ஆஸ்பத்திரி அதிக தூரமில்லை. ஆட்டோவில் ஏறியபோது பத்து நிமிஷம் என்று கணக்குப் போட்டேன். மயிலாப்பூருக்குள் நுழைந்ததும் மெட்ரோ வேலைக்கான தகரத் தடுப்பு. ஆட்டோ திரும்பியது. அங்கே இன்னொரு தடுப்பு. மறுபடி திரும்பியது. மூன்றாவது முறை முதல் தடுப்புக்கே வந்து சேர்ந்தோம்.

"இன்னாமா பண்றது? நேத்து இருந்த ரோடு இன்னிக்கி இல்ல" என்றார் ஆட்டோக்காரர். முன்னால் ஒரு தண்ணீர் லாரி, பின்னால் ஒரு பள்ளிப் பேருந்து. நாங்கள் நடுவில். மடியில் கொடுவா.

மாமியைக் கூப்பிட்டேன். அவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்களாம். அடையாறிலிருந்து! "மெட்ரோக்காரனுக்குத் தெரியாத சந்தெல்லாம் எனக்குத் தெரியும். நான் பொறந்த ஊரில்லையா" என்றார். மெய்யை உள்ளே அழைத்துப் போய்விட்டார்கள், தன்னை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். "எனக்கும் ரத்தம்னா ஆகாது."

கெவினைக் கூப்பிட்டேன். மாமி சொல்லிப் புறப்பட்டவர், கிண்டி நெரிசலில் நிற்கிறாராம். குரல் கீச்சென்று இருந்தது.

அப்புறம் ஜரீனாவைக் கூப்பிட்டேன்.

"சோக்கா கீதுக்கா உன் பொண்ணு. சத்தமே இல்ல. கண்ண மூடிகினு படுத்துனு கீது. மொத புள்ளதானே, டைம் ஆவும், சாயங்காலம் பாக்கலாம்னு சிஸ்டர் சொல்ட்டாங்க. பக்கத்து ரூமுல ஒண்ணு கத்தோ கத்துன்னு கத்துது, அல்லாரும் அங்க கீறாங்க."

மெய் லிங்கின் அக்காவுக்கும் இப்படித்தான் ஆனது. ஈப்போவில் அவள் சத்தமில்லாமல் படுத்திருந்ததைப் பார்த்து எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள். திரும்பி வந்தபோது பிள்ளையின் தலை தெரிந்தது. அந்தக் குடும்பத்துப் பெண்களுக்கு வலி கூடக்கூட வாய் மூடிக்கொள்ளும். இதை டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். ஒன்பது நாள் இருக்கிறதே என்று தள்ளிப்போட்டிருந்தேன். தப்பு என்னுடையது.

"ஜரீனா, கேளுங்க. அவ சத்தம் போட மாட்டா. எவ்வளவு வலிச்சாலும் போட மாட்டா. முகத்தைப் பார்க்காதீங்க. கையைப் பாருங்க, காலைப் பாருங்க."

செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு கதவு.

"அக்கா." குரல் மாறியிருந்தது. "கால் வெரல் அல்லாத்தையும் மடக்கிகினு கீறாக்கா. பெட்ஷீட்ட பல்லால கட்ச்சிகினு கீறா." அடுத்தது என்னிடம் இல்லை. "சிஸ்டர்! சிஸ்டர், இங்க வாங்க, ஓடியாங்க!"

இணைப்பு அறுந்தது.

நான் ஆட்டோவிலிருந்து இறங்கிவிட்டேன். ஆட்டோக்காரர் கையை நீட்டி, "அந்த சந்துல பூந்து லெஃப்ட்டு, பூக்கடை தாண்டி ரைட்டு. ஓடுமா!" என்றார். ஐம்பத்திரண்டு வயதில், கையில் மீனோடு, மயிலாப்பூர்ச் சந்துகளில் நான் ஓடினேன். கோலத்தை மிதித்தேன். ஒருவருடைய சைக்கிளைத் தள்ளிவிட்டேன். காய்கறி வண்டிக்காரர், "யம்மா, நாய் தொரத்துதா?" என்று கேட்டது காதில் விழுந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பத்மா மாமி எழுந்து நின்றார். "இதைப் பிடிங்க மாமி" என்று கையிலிருந்ததை அவரிடம் திணித்துவிட்டு உள்ளே ஓடினேன்.

பிரசவ அறை வாசலில் சிஸ்டர் தடுத்தார். கையில் மெய் லிங்கின் கோப்பு. "நீங்க யாரு?"

"கூட இருக்க வேண்டியவங்க."

"இதுல அம்மான்னு போட்டிருக்கு." என் முகத்தைப் பார்த்தார். கட்டிலில் இருந்த மெய் லிங்கின் முகத்தைப் பார்த்தார். மறுபடி என்னை.

உள்ளேயிருந்து ஜரீனா குரல் கொடுத்தார். "அவ அப்பா ஜாட சிஸ்டர். உடுங்க, உள்ள வரட்டும்!"

விட்டுவிட்டார். கட்டிலருகே போனபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. டாக்டரம்மா தயாராக நிற்கிறார். ஒரு தாதி, "முக்கும்மா! முக்கு! நல்லா முக்கு!" என்று கத்துகிறாள். மெய் லிங் ஒரு கையால் தன் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முகம் சிவந்து, கண்ணீர் வழியப் படுத்திருக்கிறாள். அவர்கள் 'முக்கு' என்று கத்தக் கத்த அவள் மூக்கை இன்னும் அழுத்துகிறாள். சொன்னதைச் செய்கிற நல்ல மாணவி. மாமியின் பாடம்.

"மூக்கு இல்லம்மா!" அவள் விரல்களை விலக்கினேன். மலாயில் சொன்னேன். "தெரான்! மெய், தெரான்!"

அவளுக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் பின்னால் கற்ற மொழியெல்லாம் எங்கேயோ போய்விடும். சின்ன வயதில் தெருவில் பேசியது மட்டும் நிற்கும். அவள் முகத்தில் புரிந்தது தெரிந்தது. முக்கினாள்.

"இன்னாக்கா அது, தெரானா?" என்றார் ஜரீனா. அடுத்த வலிக்கு அவரே, "தெரான் கண்ணு, தெரான்! அப்டித்தான், இன்னும் தெரான்!" என்று தொடங்கிவிட்டார். தாதியும் சேர்ந்துகொண்டாள். ஒரு கட்டத்தில் டாக்டரம்மாவே, "குட், தெரான்" என்றார்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். மெய் லிங்கின் வலது கை ஜரீனாவின் கைக்குள் இருந்தது. நான் வந்த பிறகும் அதை அவள் எடுக்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது. கடல் தாண்டி வந்தவள் நான். பிறகு கட்டிலைச் சுற்றிப் போய், காலியாக இருந்த இடது கையை எடுத்துக்கொண்டேன்.

தலை வெளியே வந்தபோது டாக்டரம்மாவின் குரல் தணிந்தது. அந்தத் தணிந்த குரல் எனக்குத் தெரியும். எந்த ஊர் டாக்டரும் பயப்படும்போது அப்படித்தான் பேசுவார்கள். "கழுத்துல கொடி சுத்தியிருக்கு. ரெண்டு சுத்து. முக்கக் கூடாதுன்னு சொல்லுங்க. இப்ப முக்கவே கூடாது."

முக்கு என்று சொல்வது சுலபம். அந்த நேரத்தில் முக்காதே என்று சொல்வதுதான் கஷ்டம், உடம்பு கேட்காது. நான் மெய் லிங்கின் முகத்துக்கு நேரே குனிந்தேன். "ஜாங்கான் தெரான். என்னைப் பார். நாய்க்குட்டி மாதிரி மூச்சு விடு, ஹா, ஹா, ஹா." அவள் என் கண்ணையே பார்த்தாள். நான் மூச்சு விட்டேன், அவள் விட்டாள், அந்தப் பக்கம் ஜரீனாவும் விட்டார். மூன்று பேரும் வெயிலில் ஓடிவந்த நாய்கள் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தோம். டாக்டரம்மாவின் கைகள் மட்டும் அசைந்தன. ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

"இப்போ" என்றார்.

"தெரான்!" என்றோம் எல்லாரும்.

அப்போதுதான் மெய் லிங் முதல் முறையாக வாய் திறந்து கத்தினாள். "மா!" கேண்டனீஸிலும் அம்மா என்றால் அதுதான்.

பிள்ளை நீலமாக இருந்தது. அழவில்லை. தாதி துடைத்தாள், முதுகைத் தேய்த்தாள். ஜரீனாவின் உதடுகள் மட்டும் எதையோ ஓதிக்கொண்டிருந்தன. எவ்வளவு நேரம் என்று என்னால் சொல்ல முடியாது. பிறகு, துணி கிழிவது போல ஒரு அழுகை.

பெண் குழந்தை.

வெளியே வந்தபோது கெவின் வந்து சேர்ந்திருந்தார். கிண்டியில் காரை விட்டுவிட்டு பைக் டாக்சி பிடித்திருக்கிறார். பின்னால் உட்காருகிறவருக்கென்று கொடுக்கும் தலைக்கவசம் அவர் தலைக்குச் சின்னது. கழற்ற வரவில்லை. அதோடே நின்று அழுதார். "நான் உள்ளே இருந்திருக்க வேண்டும்" என்றார். அவரைக் கிண்டல் செய்ய வைத்திருந்த வார்த்தையெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. ஜரீனா வந்து, "குனி சார்" என்று சொல்லி, தலைக்கவசத்தை இரண்டு கையாலும் இழுத்து எடுத்தார். "போ, உன் பொண்ணப் பாரு. அடுத்த புள்ளைக்கு உள்ள இரு."

வராந்தாவில் பத்மா மாமி நின்றுகொண்டிருந்தார். வலது கையை உடம்பிலிருந்து முழுசாக நீட்டி, அதன் முனையில் பை. தண்ணீர் சொட்டிக் காலடியில் குட்டையாகியிருந்தது. பிறந்ததிலிருந்து மீனைத் தொட்டிராதவர், ஏறக்குறைய ஒரு மணி நேரம் அதைப் பிடித்திருக்கிறார்.

"ஐயோ மாமி, கீழ வச்சிருக்கலாமே!"

"பிடிங்கோன்னு சொன்னேள். வைக்கலாம்னு சொல்லலையே" என்றார். பிறகு, "என்ன குழந்தை?" சொன்னதும் அந்தக் கையாலேயே கண்ணைத் துடைக்கப் போய், நல்லவேளை, நிறுத்திக்கொண்டார்.

அடுத்த ஒரு வாரம் நான் இரண்டு நாடுகளுக்கு நடுவில் தூதுவராக இருந்தேன். ஈப்போத் தாய் காணொளியில் வந்து, ஒரு மாதத்துக்கு மகள் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது, பட்டால் ஒற்றைக் காலில் விமானம் ஏறிவிடுவேன் என்றாள். பத்மா மாமி, "அஞ்சாம் நாள் தலைக்கு விடாம? நல்லெண்ணெய் தேச்சு, சுடச்சுட வெந்நீர் விட்டு, சாம்பிராணி காட்டணும்னு சொல்லுங்கோ" என்றார். நான் இந்தப் பக்கம், "உங்க அக்கறைக்கு நன்றி சொல்றாங்க மாமி" என்றேன். அந்தப் பக்கம், "நீ சொல்வதுதான் சரி என்கிறார்" என்றேன். இருவரும் ஒருவரை ஒருவர் மிகவும் மெச்சிக்கொண்டார்கள்.

இஞ்சியில் மட்டும் சண்டையில்லை. மாமி கிளறிய பிரசவ லேகியமும் பிள்ளை பெற்றவளுக்குச் சீன முறையில் நான் கொதிக்கவைத்த இஞ்சி வினிகரும் ஒரே நேரத்தில் மணந்தன. மாமி மாடிக்கு வந்து பானையை எட்டிப் பார்த்தார். "இஞ்சி, வெல்லம், புளிப்பு. நம்ம புளி இஞ்சிதானே இது?" ஆமாம் என்றேன். அடியில் கிடந்த பன்றிக்கால்களைப் பற்றி நான் சொல்லவில்லை, அவரும் கரண்டியை விட்டுக் கிளறவில்லை. கிளறக் கூடாது என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது என்று நினைக்கிறேன்.

ஏழாம் நாள் மெய் லிங் கதவைச் சாத்திக்கொண்டு தலைக்குக் குளித்தாள். யார் சொன்ன முறையிலும் இல்லை, கடையில் வாங்கிய ஷாம்பு போட்டு. ஈரத் தலையோடு வந்து பிள்ளையை எடுத்து மார்பில் வைத்தாள். நான் எந்த நாட்டுக்கும் தகவல் சொல்லவில்லை.

நான் ஊர் திரும்பும் நாள் காலையில் குழந்தையைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனோம். கெவினே தோளில் வைத்துக்கொண்டார், யாரிடமும் கொடுக்கவில்லை. அவர்கள் டாக்டரிடம் போக, நான் ஜரீனாவைத் தேடினேன். பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒன்று வரவழைத்தார்.

"இந்த வேலைக்குப் படிப்பு கீதாக்கா?"

"இருக்கு. ஆறு மாசம். சான்றிதழ் எல்லாம் குடுப்பாங்க."

"அடேயப்பா." உண்மையாகவே வியந்தார், கிண்டல் இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

"அன்னிக்கு நீங்க காலைப் பார்க்கலேன்னா என் சான்றிதழ் ஆட்டோவுல உட்கார்ந்திருக்கும்" என்றேன்.

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாதவர் போல டீயை ஊதினார். அப்புறம் நானாகத்தான் ஜொகூர் கதையைச் சொன்னேன். மின்விசிறி, துரு, பதினான்கு மணி நேரம். யாரிடமும் அவ்வளவு விவரமாகச் சொன்னதில்லை. கேட்டு முடித்ததும் ஜரீனா டீயைப் படியில் வைத்தார்.

"என் ரெண்டாவது புள்ள இங்கத்தான் பொறந்தான்" என்றார். "டூட்டில கீறேன், வலி எட்த்துச்சு. அன்னிக்கின்னு பாத்து அஞ்சு கேஸு. யாரக் கூப்புட்றது? நானே போயி ஒரு பெட்டுல ஏறிப் படுத்துகினேன். அவன் பொறந்தப்புறந்தான் சிஸ்டர் பாத்தாங்க. திட்னாங்க. ஏன் ஜரீனா கூப்புடலன்னு." சிரித்தார். "அல்லாருக்கும் சிஸ்டர நாந்தான கூப்புட்டுத் தருவேன். எனக்குக் கூப்புட்டுத் தர யாரு கீறாங்க?"

நான் அவர் கையைப் பிடித்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. கை சொரசொரவென்று, ஃபினாயில் வாசத்தோடு இருந்தது. அவர் எடுத்துக்கொள்ளவில்லை. டீ ஆறியது.

மேலே வார்டில் மணி அடித்தது. ஆஸ்பத்திரி மணிக்கு எல்லா ஊரிலும் ஒரே சத்தம். நான்தான் முதலில் எழுந்தேன், பழக்கம். இரண்டு படி ஏறியும் விட்டேன். அறையிலிருந்து ஒரு பெண்ணின் குரல், எனக்குத் தெரியாத மொழியில், யாரையோ அழைத்தது.

ஜரீனா எழுந்து துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு என்னைத் தாண்டி ஏறினார். ஏறியபடியே என் தோளைத் தட்டி நிறுத்தினார்.

"நீ எங்கக்கா வர்ற? ஏரோப்ளேன் கீதுல்ல உனக்கு. கெளம்பு. நான் கீறேன்ல?"